சந்தியாவின் மொழிபெயர்ப்பு

திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் நான் வாசிப்புப் பயிற்சி ஆசிரியையாகச் சேர்ந்த முதல் வாரம். எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளைகளைச் சோதித்து, காரணம் கண்டுபிடிப்பது என் வேலை. முதல் கேஸ், இரண்டாம் வகுப்பு சந்தியா.

"ரெண்டு மொழியில இவளுக்கு மூளை குழம்பிடுச்சு. மறுபடி ஒண்ணாங்கிளாஸ்ல உட்கார வெச்சிடலாம்னு இருக்கேன்" என்றார் தலைமை ஆசிரியை.

சந்தியாவின் அப்பா எண்ணூர் துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுபவர். அம்மா நெல்லூர்ப் பக்கம். மகளோடு காலடிப்பேட்டைக்குக் குடிவந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. தமிழ் சரியாக வராது. அன்று தலைமை ஆசிரியை பேச அழைத்ததற்கு அம்மா மட்டும் வந்திருந்தார். அதனால் சந்தியாவே மொழிபெயர்த்தாள்.

"வீட்ல இனிமே தெலுங்கே பேசக் கூடாதுன்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்றார் தலைமை ஆசிரியை.

சந்தியா அம்மா பக்கம் திரும்பி, இனிமேல் வீட்டில் சுரைக்காய் சமைக்கக் கூடாதாம் என்று தெலுங்கில் சொன்னாள். அம்மா குழம்பிப்போய்த் தலையாட்டினார்.

"பாத்தீங்களா, உடனே ஒத்துக்கிட்டாங்க! பாடம் ஒண்ணும் ஏறலைன்னும் சொல்லு."

நான் நன்றாகப் பாடுகிறேனாம், டீச்சர் சொல்கிறார் என்று அம்மாவிடம் சொன்னாள் சந்தியா. அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"இவங்க எதுக்கு சிரிக்கிறாங்க?"

என் மாமியார் வீட்டில் தெலுங்குதான் பேச்சு. எனக்கு அந்த மொழி தெரியும் என்பது பள்ளியில் யாருக்கும் தெரியாது. நான் இருமி சமாளித்தேன்.

பிறகு அவளைத் தனியாக என் அறைக்கு அழைத்துப்போய், தெலுங்கிலேயே "சுரைக்காய் என்ன பாவம் செய்தது?" என்று கேட்டேன். அவள் முகம் சுருங்கியது.

"போட்டுக் குடுத்துடாதீங்க மிஸ். சொரக்கா எனக்குப் புடிக்காது."

"சரி, தெலுங்கு விஷயத்த ஏன் சொல்லல?"

"அம்மாக்கு தமிழ் வராது மிஸ். தெலுங்கும் பேசலன்னா வூட்ல என்னாண்ட யாரு பேசுவா? அப்பா வர்றதுக்கே நாலு நாளாவும்."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

இருபது படங்கள் காட்டிப் பெயர் கேட்டேன். வீட்டைப் பார்த்து "வூடு" என்றாள். பள்ளியின் பழைய சோதனைத்தாளில் அதைத் தவறு என்று அடித்திருந்தார்கள். தமிழில் பதினொன்று சொன்னாள். மீதியைத் தெலுங்கில் கேட்டேன். இரண்டைத் தவிர எல்லாம் வந்தது. எழுத்துகளின் ஒலியும் தெரிந்திருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்த தமிழ்ச் சொற்களில் பாதியை அவள் காதால் கேட்டதே இல்லை, அவ்வளவுதான்.

தலைமை ஆசிரியையிடம் நடந்ததைச் சொன்னேன். முதலில் அவர் முகம் சிவந்தது. "ரெண்டு மொழிக்கு நடுவுல நின்னு, கண் இமைக்காம புளுகுற பிள்ளைக்கு மூளை எங்க மேடம் குழம்பியிருக்கு?" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே சிரித்துவிட்டார். இரண்டாம் வகுப்பிலேயே இருக்கட்டும் என்றார்.

அம்மாவிடமும் உண்மையைச் சொன்னேன். மறுநாள் சந்தியாவின் டிபன் பாக்ஸில் சுரைக்காய்க் கூட்டு.

அதன்பின் தினமும் அம்மா வீட்டில் தெலுங்கில் ஒரு கதை சொல்வார். சந்தியா அதை எனக்குத் தமிழில் சொல்வாள். நான் அதை எழுதித் தருவேன், அவள் வாசிப்பாள். தன் கதை என்பதால் திணறினாலும் விடமாட்டாள். ஆண்டு முடிவதற்குள் பாடப்புத்தகத்தையும் திணறாமல் வாசிக்கத் தொடங்கினாள்.

அன்று முதல் எந்தப் பிள்ளை வந்தாலும், வீட்டில் யாரோடு எந்த மொழி என்று முதலில் கேட்டுக்கொள்வேன். வீட்டு மொழி, தமிழ் இரண்டிலும் சோதிப்பேன். உண்மையான வாசிப்புக் கோளாறு என்றால் பெரும்பாலும் இரண்டிலுமே தலைகாட்டும்.

இளைய ஆசிரியர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன். ஒரு பிள்ளையைப் பற்றிய புகாரை அந்தப் பிள்ளையையே மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள்.