ஆண்டியப்பனின் குட்டிகள்

இரண்டு எழுத்தை அடித்து, இடைவெளி விசையில் ஒரு தட்டு. "பாய்டா குட்டி!" என்பார் ஆண்டியப்பன் அண்ணன். ‘நிகழும் மங்களகரமான’ என்று தொடங்கும் முழுப் பத்தியும் திரையில் பாய்ந்து வந்து நிற்கும். கலியாணப் பத்திரிகை அடிக்க வந்த தேயிலைத் தோட்டத்துச் சனம் வாயைப் பிளக்கும். "பாத்தீங்களா? கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள கலியாணமே முடிஞ்சிருச்சு!"

ஹட்டன் பஜாரில், நான் போட்டோக் கொப்பி எடுத்துக் கொடுக்கும் கடையில்தான் அவர் டைப் செய்கிறார். தேநீர் குடிக்கப் போனால்கூட விசைப்பலகையைத் துவாயால் மூடிவிட்டுத்தான் போவார். கலியாணம், சடங்கு, திருவிழா, மரண அறிவித்தல், தோட்டத்து முகவரிகள் என்று எல்லாவற்றுக்கும் அவரே கணினியில் சேர்த்துவைத்த சுருக்கங்கள்தான் இந்தக் ‘குட்டிகள்’. பக்கத்து ஊரான டிக்கோயாவில் ஒரு கடையில் டைப் செய்யும் பூரணி எத்தனையோ தரம் கேட்டும் கொடுத்ததில்லை. "நான் வளத்த குட்டிங்க. கேட்டா தூக்கிக் குடுத்துருவாங்களா?"

போன மாதம் எங்கள் கணினி அடிக்கடி நின்றுபோனது. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்ற வேண்டும் என்றார் கண்டியிலிருந்து வந்த மெக்கானிக்.

"அப்ப என் குட்டிங்க?" அண்ணனின் குரல் கீச்சிட்டது.

"ப்ளொப்பி டிஸ்க்குல எடுத்துக்கங்க. வேற மெஷின்ல தொறக்குதான்னு பாத்துட்டு வாங்க. அப்புறந்தான் அழிப்பேன்."

அவருக்குத் தெரிந்த வேறு மெஷின் பூரணியுடையதுதான்.

வெளியே மழை. ப்ளொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி, சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து, பஸ்ஸில் மடியோடு அணைத்துக்கொண்டார். குடை பிடிக்க நானும் போனேன்.

பூரணி வாசலிலேயே சிரித்தாள். "என்னாண்ணே, பொண்ணு கேட்டு வந்தீங்களா?"

"சும்மா இரு புள்ள. தொறந்து பாத்ததும் அழிச்சிரணும். சத்தியம் பண்ணு."

"சத்தியமாண்ணே."

ப்ளொப்பி கரகரத்தது. நின்றது. மறுபடி கரகரத்தது. அண்ணன் திரையோடு முகத்தை ஒட்டிக்கொண்டார். "இப்ப ‘க’வும் ‘ப’வும் அடி" என்றார் மெதுவாக. பூரணி அடித்து, இடைவெளியைத் தட்டினாள்.

முழுப் பத்தியும் வந்துவிட்டது! ஒரு புள்ளி குறையவில்லை.

"ஐயோ அண்ணே!" பூரணி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"சடங்கு அடி! திருவிழா அடி புள்ள!" ஒவ்வொன்றும் வந்து விழ விழ அண்ணன் மேசையைத் தட்டினார். மழைக்கு ஒதுங்கியவர்களும் திரையை எட்டிப் பார்த்தார்கள். "எல்லாம் நம்ம குட்டிங்க!" என்று அவர்களிடம் கத்தினார்.

கடைசியில் பூரணி சிரிப்பை அடக்கிக்கொண்டு மவுஸைப் பிடித்தாள். "சத்தியம் பண்ணிட்டேன். அழிச்சிரவாண்ணே?"

ஆண்டியப்பன் அண்ணன் வெடுக்கென்று மவுஸைப் பிடுங்கி, வயரோடு தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.