எலுமிச்சம்பழத்தைத் தாண்டாத வண்டி

திண்டிவனத்தில் மிக்சி ரிப்பேர் என்றால் நெடுஞ்செழியன்தான். கருகிய வாசனையை முகர்ந்தே மோட்டாரில் காயில் போச்சா, கார்பன் பிரஷ் போச்சா என்று சொல்லிவிடுவான். ஊருக்குத்தான் அவன் மெக்கானிக். சொந்தக்காரர்களுக்கு நாற்பத்தாறு வயதிலும் அவன் 'எலுமிச்சம்பழம்'.

அந்தப் பெயர் 1989-ல் ஒட்டிக்கொண்டது. தாய்மாமன் விருத்தாசலம் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது மருமகனுக்கு ஒரு ரிமோட் வண்டி கொண்டுவந்தார். திருவிழாக் கடையில் விற்கிற சாமான் இல்லை. முழங்கை நீளம், சக்கரத்துக்குச் சக்கரம் ஸ்பிரிங், பின்னால் முள்முள்ளாக ரப்பர் டயர். டிராக்டருக்குப் பூஜை போடாமல் ஒரு அடி நகர்த்தாத குடும்பம் இதை மட்டும் சும்மா விடுமா? திருவக்கரை வக்கிரகாளியம்மன் கோவில் வாசலில் சந்தனம், குங்குமம், கற்பூரம் எல்லாம் ஆனது. சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழமும் வைத்தார்கள். லாரிக்கு வைக்கிற அதே பழம். வண்டியின் சக்கரமே அதைவிடக் கொஞ்சம்தான் பெரிது. இது ஒருவருக்கும் தோன்றவில்லை. பதினோரு வயதுப் பயல் ரிமோட்டை அமுக்கினான். மோட்டார் கீச்சிட்டது, முக்கியது, கடைசியில் புகைந்தது. பழம் வைத்த இடத்திலேயே இருந்தது. நாற்பது உறவினர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றைக்குப் பரணில் ஏற்றிய வண்டியை அவன் அதற்கப்புறம் தொடவே இல்லை.

அன்று எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது விருத்தாசலத்தின் எட்டு வயது மகள் இளவரசி. பிற்பாடு அவளையே கட்டிக்கொண்டான். அதைத் தன் தலையெழுத்து என்று அவன் சொல்வான், தன் தலையெழுத்து என்று அவள் சொல்வாள். வீட்டில் எந்தச் சண்டையானாலும் "ஒரு எலுமிச்சம்பழத்தத் தாண்ட முடியல, எங்கிட்ட பேச வந்துட்டாரு" என்று அவள் சொன்னதும் முடிந்துபோகும்.

போன தை மாதம் பரணைச் சுத்தம் செய்யும்போது இளவரசி அந்தப் பெட்டியை இறக்கினாள்.

"மாமா, இத பழைய இரும்புக்குப் போட்றேன்."

"தொடாத. அது ஓடும்."

"ஓடுமா?" இளவரசி இடுப்பில் கை வைத்தாள். அங்கன்வாடி வேலைக்குப் பஸ்ஸுக்குக் காத்துக் காத்து வெறுத்துப்போய் அவள் ஸ்கூட்டர் ஒன்றுக்குச் சொல்லி வைத்திருந்த நேரம் அது. "அடுத்த மாசம் என் வண்டிக்குத் திருவக்கரையில பூச. உன் வண்டியையும் கொண்டா. பழத்தத் தாண்டிச்சின்னா செத்தாலும் அந்தப் பேர வாயில எடுக்க மாட்டேன். தாண்டலன்னா வர்ற வழியில இரும்புக் கடையில எறக்கிட்டுத்தான் ஊட்டுக்கு வரணும். சரியா?"

"சரி" என்றான். நாக்கு முந்திக்கொண்டது.

நெடுஞ்செழியனுக்கு மோட்டார் என்றால் வேகம். டிரோனுக்குப் போடுகிற வகையில், கார்பன் பிரஷ் இல்லாத புது மோட்டார் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தான். வீட்டில் வைத்து வேலை பார்த்தால் இளவரசிக்குத் தெரிந்துவிடும். அவள் முகம் மாறுவதைக் கோவில் வாசலில்தான் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. அதனால் மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு, வண்டியைப் பையில் போட்டுக்கொண்டு விழுப்புரத்துக்கு ரயிலேறினான். அங்கே லேத் பட்டறை வைத்திருக்கிற அலெக்ஸ் அவனுக்குப் பழைய தோஸ்து.

புது மோட்டாரை முதல்முறை அமுக்கியதும் 'கர்ரக்' என்றது. பிரித்துப் பார்த்தால் முப்பத்தைந்து வருஷத்துப் பிளாஸ்டிக் பல்சக்கரங்கள் கேப்பை மாவாகக் கொட்டின.

"இன்னாண்ணா இது, பல்லே இல்லாத கெயவனுக்குக் கரும்பக் குடுத்துட்டியே" என்றான் அலெக்ஸ்.

பித்தளையில் பல்சக்கரம் வெட்டிக் கொடுத்தான். அடுத்த நாள் சக்கரத்துக்குப் போகிற கம்பிகள் இரண்டும் முறுக்கி ஒடிந்தன. அதையும் எஃகில் கடைந்தான். இனிமேல் உடைய ஒன்றும் பாக்கியில்லை என்று பழத்தை வைத்து அமுக்கினார்கள். முள்டயர் ஒரு நொடியில் ஆயிரம் சுற்றுச் சுற்றி, பழத்தை அடியில் இழுத்துப் பின்பக்கமாக வீசியது. அது அலெக்ஸின் டீ கிளாஸைத் தட்டிவிட்டுப் போனது. வண்டி நின்ற இடத்திலேயே குட்டிக்கரணம் போட்டது.

நெடுஞ்செழியன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். அலெக்ஸ் சட்டையில் கொட்டிய டீயைத் துடைத்தபடி சொன்னான். "ண்ணா, நீ மிக்சிக்காரன் புத்தியிலயே கீற. சட்னியா அரைக்கப் போற? மாவாட்டுற கிரைண்டர் இன்னா ஜல்தியாவா சுத்துது? மெதுவா சுத்தினாலும் அம்மாம் பெரிய கல்ல இழுத்துக்கினு போவுதுல்ல?"

இருபத்தைந்து வருடம் மிக்சியும் கிரைண்டரும் பிரித்தவனுக்கு இதை ஒரு லேத்காரன் சொல்ல வேண்டியிருந்தது. வெட்கத்தோடுதான் ஒப்புக்கொண்டான். மோட்டாரில் சின்னப் பல்சக்கரம், அச்சில் பெரிய பல்சக்கரம் என்று மாற்றினார்கள். வேகம் பாதிக்குப் பாதி போனது. ஆனால் பழத்தின் மேல் முன்சக்கரம் ஏறியது, பின்சக்கரம் ஏறியது, 'பொச்' என்றது. இரண்டு பேரும் பட்டறையில் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள்.

நம்பிக்கை வராமல் ஒரு வாரம் தினமும் நாலு பழத்தை நசுக்கினான். பழத்தைக் குப்பையில் போட மனசு வரவில்லை. "ரயில்ல ஒரே கூட்டம், நசுங்கிப்போச்சு" என்று வீட்டில் கொடுத்தான். இளவரசி ஒன்றும் கேட்காமல் வாங்கி ஊறுகாய் போட்டாள்.

பந்தயச் செய்தி பரவி, பூஜையன்று உறவெல்லாம் திரண்டுவிட்டது. எண்பதை நெருங்குகிற விருத்தாசலம் நாற்காலி போட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பூசாரி கற்பூரம் காட்டி, ஸ்கூட்டரின் இரண்டு சக்கரத்துக்கும் முன்னால் பழம் வைத்தார். இளவரசி ஏறி உட்கார்ந்து ஆக்சிலேட்டரைத் திருகினாள். வண்டி உறுமியது. நகரவில்லை. பயத்தில் பிரேக்கையும் சேர்த்துப் பிடித்திருந்தாள். ஓட்டிப் பழகும்போது ஏரிக்கரையில் ஒருமுறை விழுந்து எழுந்தது நெடுஞ்செழியனுக்கு மட்டும்தான் தெரியும். பிரேக்கை விடச் சொல்லி நாலு பேர் கத்தினார்கள். அவள் இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

விருத்தாசலம் தொடையைத் தட்டிச் சிரித்தார். "எலுமிச்சம்பழம் ஒட்டுவாரொட்டிடோய்! மாப்ளைக்கிட்டேர்ந்து என் பொண்ணுக்கும் தொத்திக்கிச்சு!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. இளவரசி இன்ஜினை அணைத்துவிட்டாள். "வாணாம். தள்ளிக்கினே போயிடலாம்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அந்தச் சிரிப்பு என்ன செய்யும் என்று நெடுஞ்செழியனைவிட யாருக்குத் தெரியும்? இந்த ஸ்கூட்டரும் பரணில் ஏறிய மாதிரிதான்.

"சரி, மாப்ள வண்டிய உடு. அதையாவது பாக்கலாம்" என்றார் மாமனார்.

எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள். பழங்களை வைத்து, வண்டியை நிறுத்தி, ரிமோட்டைக் கையில் எடுத்தான். பித்தளை, எஃகு, ஒரு மாத உழைப்பு எல்லாம் அவன் விரலடியில் இருந்தது. ஒரு அமுக்கு அமுக்கினால் பெயர் போய்விடும். கூடவே, ஒரு பொம்மை தாண்டியதை இவள் தாண்டவில்லை என்று இனி முப்பத்தைந்து வருடம் சொல்வார்கள்.

விரலை முடியளவுதான் அசைத்தான். வண்டி பழத்தை முட்டியது, கீச்சிட்டது, நின்றது.

சிரிப்பில் கோவில் புறாக்கள் பறந்தன. விருத்தாசலம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, 1989-ஐ ஆதியோடந்தமாக ஆரம்பித்தார். எல்லோரும் அவரைச் சுற்றி நின்றார்கள். அந்த நேரத்தில் பின்னால் ஸ்கூட்டர் மறுபடி உறுமியது. இளவரசி பிரேக்கிலிருந்து விரலை ஒவ்வொன்றாக எடுத்தாள். 'பொச்', 'பொச்'. அதைப் பார்த்தது நெடுஞ்செழியன் ஒருவன்தான்.

திரும்பும்போது அவள் ஓட்டினாள். அவன் வண்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தான். திண்டிவனத்துக்குள் நுழைந்ததும் பழைய இரும்புக் கடை வந்தது, போனது.

"கட போயிடுச்சே" என்றான் சுரத்தில்லாமல்.

"பிரேக் புடிக்க பயமா கீது."

வீட்டுக்கு வந்ததும் நேரே போய் ஊறுகாய் ஜாடியைத் திறந்து, உப்பில் ஊறிய துண்டு ஒன்றை எடுத்து அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள். தோலில் வரிசை வரிசையாக முள் குத்திய தடம்.

"ரயில்ல நசுங்கிச்சின்னியே மாமா, எந்த ரயில்ல முள்ளு டயர் மாட்டிக்கினு ஜனங்க ஏர்றாங்க?"

அவள் முந்தானையில் முடிந்து வைத்திருந்த கோவில் பழத்தை எடுத்துத் தரையில் வைத்து, வண்டியை அதன் முன்னால் நிறுத்தினாள்.

"இப்ப உடு. நான் ஒருத்தி பாத்தா போதும்."

முழு விரலையும் அமுக்கினான். பழம் வெடித்துச் சாறு அவள் முகமெல்லாம் தெறித்தது. கண் எரிய எரிய இளவரசி சிரித்தாள். எட்டு வயதில் சிரித்த அதே சிரிப்பு. இந்தத் தடவை அவனும் சேர்ந்து சிரித்தான்.