பிள்ளை என்றால் பிள்ளை

எங்கள் ஞாயிறு வேதவாசிப்புக்கு இரண்டே இரண்டு சட்டங்கள்தான். வரிசையில் எந்தச் சங்கீதம் வருகிறதோ அதை வாசிக்கவேண்டும், தாண்டக்கூடாது. வாசிக்கிறவரே விளக்கமும் சொல்லவேண்டும். சட்டம் போட்டவர் அக்கா. கூடப் பிறந்தவர் அல்ல. டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் வேலை செய்கிறவர், எங்கள் எல்லோருக்கும் அக்கா. "பிடிச்சதை மட்டும் வாசிக்கிறதெண்டால் வேதம் என்னத்துக்கு?" என்பார். ஆற்றுக்கு இக்கரையில், லொங்குய்யில், எங்கள் வீட்டு பேஸ்மென்டில் ஏழெட்டுப் பேர் கூடுவோம்.

போன குளிர்காலம் நான் டவுன்டவுனில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆதித் திருச்சபை வரலாறு படிக்கச் சேர்ந்திருந்தேன். ஐம்பது வயதில் படித்தால் வாய் சும்மா இருக்காது. வீட்டில் மனைவி மரக்கறி வெட்டும்போதுகூட அலெக்சந்திரியா, அந்தியோகியா என்ற இரண்டு பழைய வேதவிளக்கப் பள்ளிகளைப் பற்றி வகுப்பெடுத்தேன். அலெக்சந்திரியாவின் ஆசான்களுக்கு வேதத்தின் ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் இன்னொரு மறைபொருள் இருந்தது. அந்தியோகியாக்காரர் அப்படி அவசரப்படவில்லை. எழுதினவன் யார், எந்தக் காலம், என்ன துயரம் என்று முதலில் கேட்டார்கள். இரண்டு பக்கமும் பெரிய பக்திமான்கள், ஒருவரை ஒருவர் தாக்காமல் விடவில்லை. மனைவி கேட்டுவிட்டு, "சரி, இப்ப வெங்காயத்தை உரியுங்கோ" என்றாள்.

மார்கழியில், நாடிழந்தவர்கள் பாபிலோன் ஆற்றங்கரையில் இருந்து அழும் சங்கீதம் என் முறைக்கு வந்தது. அதன் கடைசி வசனம் எவரையும் நடுங்க வைக்கும். எதிரியின் குழந்தைகளைப் பாறையில் மோதிக் கொல்லுகிறவனை அது வாழ்த்துகிறது.

அக்காவின் பத்து மாதப் பிள்ளை ஊரில் நடந்த கடைசி யுத்தத்தில் பங்கர் வாசலில் செல் குண்டு விழுந்து செத்தது. எங்கள் எல்லோருக்கும் அது தெரியும், ஒருவரும் அதைக் கதைப்பதில்லை. அவர் முன்னால் அந்த வசனத்தை எப்படி வாசிப்பது? எனக்கு அலெக்சந்திரியா கைகொடுத்தது. உண்மையைச் சொன்னால், அக்காவைக் காப்பாற்ற நினைத்ததில் பாதி, என் படிப்பைக் காட்ட நினைத்தது மற்றப் பாதி.

"இதில வாற குழந்தையள் உண்மையான குழந்தையள் இல்லை," என்றேன். "மனசில முளைக்கிற சின்னச் சின்னக் கெட்ட எண்ணங்கள். பாறை கிறிஸ்து. எண்ணம் வளர முந்தி அவரில மோதி அழிச்சுப்போட வேணும். ஆதிக் காலத்துப் பெரிய ஆசான்களே இப்படித்தான் விளங்கப்படுத்தினவை."

நல்ல விளக்கம் என்று இரண்டு பேர் தலையாட்டினார்கள். அக்கா வேதாகமத்தை மூடிப் பையில் வைத்தார். தேத்தண்ணி குடிக்காமல் போய்விட்டார். அடுத்த இரண்டு ஞாயிறும் அவர் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. அவருக்கு இந்த ஊரில் எங்களை விட்டால் வேறு ஆளில்லை. அந்த ஒரு கதிரையையும் நான்தான் பறித்துவிட்டேன்.

"உங்கட வாயால வந்தது," என்றாள் மனைவி. "நீங்களே போய்க் கதையுங்கோ."

சனிக்கிழமை காலை அக்காவின் வீட்டுக்கு மஞ்சள் லைன் மெட்ரோவில் ஆற்றுக்குக் கீழால் போகும்போது மன்னிப்புக் கேட்க வேண்டிய வசனங்களை அடுக்கிக்கொண்டு போனேன். கதவைத் திறந்த அக்கா உள்ளே வரச் சொன்னார். சப்பாத்தைக் கழற்றும்போதே தொடங்கிவிட்டேன். "அக்கா, உங்கட பிள்ளையை யோசிக்காமல், குழந்தையைப் போய்ப் பாவமெண்டு..."

"பிள்ளைக்காக இல்லை, தம்பி. இரும்."

அவர் எதிரே இருந்தார். குரல் ஏறவும் இல்லை, உடையவும் இல்லை.

"சண்டை முடிஞ்சு முகாமில இருக்கேக்க அந்த வசனத்தை நான் ஒவ்வொரு நாளும் சொன்னனான். என்ர பிள்ளையைக் கொன்றவங்களின்ர பிள்ளையளும் அப்பிடிச் சாகவேணும் எண்டு. உண்மையான பிள்ளையளைத்தான் நினைச்சனான். பேந்து இஞ்ச வந்து, வேலையில எனக்குப் பக்கத்தில ஒரு சிங்களப் பொம்பிளை ட்ரே அடுக்கிறவள். ஒருநாள் தன்ர மகன்ர படம் காட்டினாள். ரெண்டு பல்லு. அண்டைக்குத்தான் தம்பி, நான் கடவுளிட்ட என்னத்தைக் கேட்டனான் எண்டு விளங்கினது."

அக்கா கதிரையை எனக்குக் கிட்ட இழுத்தார்.

"அண்டையில இருந்து மன்னிப்புக் கேக்கிறன். நீர் வந்து, அதில பிள்ளையே இல்லை எண்டு சொல்லிப்போட்டீர். அப்ப நான் ஆருக்குச் சாபம் போட்டனான்? என்னத்துக்கு மன்னிப்புக் கேக்கிறன்?"

அடுக்கி வைத்திருந்த வசனம் ஒன்றும் எனக்கு உதவவில்லை. வெட்கமாக இருந்தது. படித்த இரண்டு பள்ளிகளிலும் இந்தக் கேள்வி வரவில்லை. "நான் என்ன செய்ய வேணும், அக்கா?" என்று கேட்டேன்.

"திருப்பி வாசியும். பிள்ளை எண்டால் பிள்ளை எண்டே வாசியும்."

வாசித்த சங்கீதத்துக்கு நாங்கள் திரும்பிப் போனது அந்த ஒருமுறைதான். அடுத்த ஞாயிறு அக்கா தன் கதிரையில் இருந்தார். கடைசி வசனம்வரை முழுவதையும் வாசித்தேன். விளக்கம் சொல்லவில்லை. அக்கா கண்ணை மூடி, சத்தமாக ஜெபம் பண்ணினார். முதலில் அந்தப் படத்துச் சிங்களப் பிள்ளையின் பெயரைச் சொன்னார், அவன் நீண்ட நாள் வாழவேண்டும் என்று. பிறகு இன்னொரு பெயர். பதினொரு வருடப் பழக்கத்தில் அவருடைய பிள்ளையின் பெயரை நாங்கள் அன்றைக்குத்தான் கேட்டோம்.