இரண்டரை வாஷிங்டன்

மன்னாரிலிருந்து டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டுக்கு வந்த புதிதில், டேனிஷ் படிக்கவென்று நூலகத்தில் கழித்துப் போட்டிருந்த ஒரு தடித்த புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார் பஸ்தியாம்பிள்ளை. அது அமெரிக்கா உருவான கதை. கடையில் உருளைக்கிழங்கு கேட்கத் தெரியுமுன்பே 'அரசியலமைப்பு' என்பதற்கு டேனிஷில் என்ன சொல் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

அன்று பிடித்த பைத்தியம் தெளியவேயில்லை. பிலடெல்பியாவில் கொளுத்தும் கோடையில் கதவு யன்னலைப் பூட்டிவிட்டு, பெரிய மனிதர்கள் வியர்த்து ஒழுகிச் சண்டைபிடித்துச் சட்டம் எழுதிய கதையை, அவர் வேலை செய்த தொழிற்சாலையில் அவரிடம் கேட்காத ஆளில்லை. அந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய வாஷிங்டன்தான் அவருடைய தெய்வம். அந்தோனியாருக்கு அடுத்தபடி என்பார். அந்தோனியாருக்கு முந்தி என்பாள் மனைவி மாக்கிரட்.

கிரின்ஸ்டெட்டில் தமிழர்கள் சேர்ந்து தென்றல் கலைக்கழகம் தொடங்கியபோது அவரைத் தலைவராக்கினார்கள். வேறு யாருக்கும் நேரமில்லை என்பதே காரணம். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தவர் பிறகு எழும்பவேயில்லை. இருபது வருடம் போயிற்று.

போன மாசி மாதம் பாடசாலை மண்டபத்தில் ஆண்டுக்கூட்டம். கழகத்தில் நடனம் பழக்கும் கிளோறியா எழுந்து, "அண்ணை, இந்த முறையாவது தேர்தல் வைப்பமே?" என்று கேட்டாள்.

பஸ்தியாம்பிள்ளை தொண்டையைச் செருமினார். "தங்கச்சி, வாஷிங்டன் பதவிக்கு அலைஞ்ச ஆளில்லை. சனம்தான் இழுத்துக்கொண்டு வந்து இருத்தினது. என்னையும் அப்பிடித்தான்."

பின் வரிசையிலிருந்து அவருடைய மகள் அஜந்தினி கேட்டாள்: "அப்பா, அவர் எத்தனை வருசம் இருந்தவர்?"

"எட்டு."

"பிறகு ஆர் கலைச்சது?"

"ஒருத்தரும் கலைக்கேல்லை. தானா வீட்டை போயிட்டார்." சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன விழுந்தது என்று அவருக்கு உறைத்தது.

கிளோறியா விரல்விட்டு எண்ணினாள். "அப்ப நீங்கள் இப்ப ரண்டரை வாஷிங்டன், அண்ணை."

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. பஸ்தியாம்பிள்ளைக்குக் காது சிவந்தது. "மூண்டாந்தரம் நிக்கக்கூடாதெண்டு அந்தக் காலத்திலை சட்டம் இல்லை, தெரியுமோ? அந்த ஆள் செய்ததெல்லாத்தையும் நான் செய்யவேணுமோ?"

"நல்லகாலம்," என்றாள் அஜந்தினி. "அவர் விடுதலை எண்டு கதைச்சுக்கொண்டே வீட்டிலை அடிமையளை வச்சிருந்தவர்."

"அந்தக் குறையும் இஞ்சை இல்லை, பிள்ளை," என்று குசினிப் பக்கமிருந்து குரல் வந்தது. மாக்கிரட் இரண்டு கையிலும் கோப்பிப் போத்தலோடு நின்றாள். "இருபது வருசமா இதைக் காவுறது ஆர்?"

எல்லோரும் சிரித்தார்கள். மாக்கிரட் சிரிக்கவில்லை. அவர் அவளைப் பார்த்தார். ஒரு கூட்டத்திலும் அவள் உட்கார்ந்து அவர் கண்டதில்லை. எழுந்துபோய்ப் போத்தல்களை வாங்கி மேசையில் வைத்தார். "தேர்தலை வையுங்கோ. நான் நிக்கேல்லை," என்றார்.

கிளோறியா தலைவியானாள். பிரியாவிடை உரை என்று அவர் தொடங்கியது கொத்துரொட்டி ஆறும்வரை நீண்டது. வாஷிங்டன் தன் உரையை மேடையில் வாசிக்காமல் பத்திரிகைக்குக் கொடுத்த நாகரிகத்தை அவர் பின்பற்றவில்லை.

ஒரு மாதம் வீட்டில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தார். பொழுது போகாமல் அந்தப் பழைய புத்தகத்தை எடுத்து, இதுவரை தொடாத கடைசி அத்தியாயத்தைப் படித்தார். பதவியை விட்டுப்போன வாஷிங்டன் தன் தோட்டத்தில் விஸ்கி காய்ச்சி விற்றாராம்! பஸ்தியாம்பிள்ளை துள்ளி எழுந்தார்.

"பொலிஸ் வரும்," என்றாள் மாக்கிரட்.

விஸ்கி ஆசை அப்பிள் வைனாக இறங்கியது. இலையுதிர்காலம் வந்ததும் வீட்டு வளவில் விழுந்த அப்பிளையெல்லாம் பொறுக்கிக் கராஜில் ஊறவைத்தார். அது முழுக்க வினாகிரியாகிவிட்டது. கழகத்தார் அதில் மிளகாய் ஊறுகாய் போட்டு, மார்கழி நத்தார் விழாவில் வழித்து நக்கினார்கள்.

இப்போதும் அந்த வீட்டுத் தொலைபேசி ஓயாமல் அடிக்கிறது. கேட்பது உபதலைவியை.

"மாக்கிரட் கூட்டத்துக்குப் போயிட்டா," என்கிறார் பஸ்தியாம்பிள்ளை. "கறி அடுப்பிலை. பிறகு எடுங்கோ."