மெட்ராஸ் ஜோடி

ஈர மரத்தூளின் புளித்த வாசனையும் லப்பத்தின் எண்ணெய் வாடையும் சேர்ந்து வந்தால் இன்றும் நான் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவேன். எங்கள் வீட்டு மீன்தொட்டியின் வாசனை அது. போர்ட் பிளேர் சாத்தம் மர ஆலையில் தச்சு மிஸ்திரியாக இருந்த அப்பா, கழித்துப்போட்ட படாக் மரக்கட்டைகளில் சட்டம் அடித்து, கண்ணாடி பொருத்தி, இடுக்கெல்லாம் லப்பம் அப்பிச் செய்த தொட்டி. பெண்டாட்டிக்காகச் செய்தான் என்று குவார்ட்டர்ஸ் வரிசையே மெச்சியது. அம்மா தொட்டி கேட்கவில்லை. அவள் கேட்டது கப்பல் டிக்கெட்.

தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரை ஊரிலிருந்து கல்யாணமான கையோடு வந்து இறங்கியவள், அதன்பிறகு ஒருமுறைகூடத் திரும்பிப் போகவில்லை. அறுபதுகளில், நான் சிலேட்டு தூக்கிப் பள்ளிக்கூடம் போன காலத்தில், ஊரில் அவள் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. டிக்கெட் கேட்டாள். "பழகிரும்" என்றார் அப்பா. இது என்ன பதில்? ஆனால் அந்தத் தீவில் பெரியவர்கள் எல்லாருக்கும் தெரிந்த பதில் அது ஒன்றுதான். அட்டைக்கடிக்கும், விடாத மழைக்கும், நாறுகிற ரேஷன் அரிசிக்கும், வாயில் நுழையாத இந்திக்கும் ஒரே "பழகிரும்". பெங்காலியும் தெலுங்கரும் மலையாளியும் நாங்களும் ஒரே வரிசையில் இருந்ததில் அப்பாவுக்குத் தனிப் பெருமை. கப்பலில் வந்து இறங்கிய எதுவும் இங்கே ஒட்டிக்கொள்ளும் என்று அவர் மெய்யாகவே நம்பினார்.

தொட்டியில் இருந்தவையும் கப்பலில் வந்தவைதான். கப்பலில் வேலை பார்த்த மாமா மெட்ராஸ் கடையில் வாங்கி, ஊறுகாய் ஜாடியில் விட்டுக் கொண்டுவந்த ஏஞ்சல் மீன் ஜோடி. வெள்ளித் தகடு மாதிரி உடம்பு, குறுக்கே கறுப்புப் பட்டை. கடையிலேயே பிறந்து வளர்ந்த நல்லதண்ணி மீன்கள். கோடையில் தெருக்குழாய் நூலாக ஒழுகும்போதும் அம்மா தான் குளிக்கிற வாளியில் பாதியை அவற்றுக்கு ஊற்றினாள். ஒருநாள் தொட்டிக்குள் கிடந்த என் உடைந்த சிலேட்டின்மேல் அவை முட்டை வைத்தன. இரண்டும் முறை மாற்றித் துடுப்பால் விசிறிக்கொண்டே நின்றன. அம்மா எங்களை அந்தப் பக்கம் தும்மக்கூட விடவில்லை.

அப்பா அதையே பிடித்துக்கொண்டார். "பாத்தியாட்டி, முட்டையே போட்டுட்டு. ஒனக்கு மட்டும் என்ன கொள்ளை?"

"அது குடும்பத்தோட வந்திருக்கு. நான் தனியால்லா வந்தேன்" என்றாள் அம்மா.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, கடல் வற்றிய நேரம் பவளப்பாறைப் பக்கம் போன அப்பா ஒரு வாளியோடு திரும்பினார். வாளியில், கருநீல உடம்பில் வெள்ளை வளையம் வளையமாக ஒரு குட்டி மீன். அதுவும் ஒருவகை ஏஞ்சல் மீன்தானாம், கடலில் பிறந்தது. கூடவே வந்திருந்த பெங்காலி சூப்பர்வைசர், "ஏக் ஹி ஜாத் ஹை மிஸ்திரி, சாத் மே டாலோ!" என்று சிரித்தார். ஒரே ஜாதிதான், சேர்த்து விடு என்கிறார். அப்பாவுக்கு அது போதும்.

"அது உப்புத்தண்ணி மீனுங்க. முட்ட கெடக்கு, வேண்டாம்" என்று அம்மா தொட்டியை மறித்து நின்றாள்.

"நாம மட்டும் இந்தத் தண்ணியிலயாட்டி பொறந்தோம்? இதுல பாதி, அதுல பாதி. ரெண்டும் பழகிரும்."

அவளை ஒதுக்கிவிட்டு, நல்லதண்ணியில் பாதியை முற்றத்தில் இறைத்தார். கடல்தண்ணியை ஊற்றிப் புது மீனை விட்டார். வந்தவர் டீ குடித்து முடிப்பதற்குள் கடல் மீன் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. மெட்ராஸ் ஜோடி கொஞ்சநேரம் தொட்டியைச் சுற்றி வெறிபிடித்ததுபோல் ஓடியது. பிறகு சிலேட்டுக்குத் திரும்பி, அதுவரை விசிறிக் காத்த முட்டைகளை ஒவ்வொன்றாகத் தின்றது. நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். அம்மாவும் பார்த்தாள். சூப்பர்வைசர் தன் டம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டுப் போனார். பொழுது சாயும் முன் அவையும் செத்தன.

அம்மா அழவில்லை. மூன்றையும் பப்பாளி மரத்தடியில் புதைத்தாள், தொட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். அப்பாவுக்குச் சோறு போடும்போது, "நல்லாப் பழகிட்டு" என்று மட்டும் சொன்னாள். அதற்குப்பிறகு அவள் டிக்கெட் கேட்கவேயில்லை. சித்தி கல்யாணம் அவள் இல்லாமல் நடந்தது. கப்பல் வந்த அன்றெல்லாம் அவள் கேட்கட்டும் என்று அப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வாயைத் திறந்து "போறியா?" என்று கேட்க அவருக்குத் தெரியவில்லை. தெரியாமலே செத்தும் போனார்.

இப்போது அந்தக் குவார்ட்டர்ஸ் வரிசை இல்லை. போர்ட் பிளேர் கடைகளில் ஏஞ்சல் மீன் பிளாஸ்டிக் பையில் தொங்குகிறது. விழா மேடைகளில், எங்கள் பெற்றோர் இந்த மண்ணோடு எப்படிக் கலந்தார்கள் என்று சால்வை போட்டுப் பேசுகிறார்கள். கேட்டுக்கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. கலந்தார்களா? கலக்கப்பட்டார்கள்.

நான் சம்பாதிக்கத் தொடங்கிப் பல வருஷம் கழித்து, விமானத்தில் ஊருக்குப் போய் வரலாம் என்று அம்மாவைக் கூப்பிட்டேன். மீன் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"வேண்டாம்ப்பா. அங்க போனா இனி அங்க பழகணும்லா."