சுவரில் மூன்று தட்டு

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு கொலைகாரர் குடியிருந்தார். மான்மவுத் ஜங்ஷன் என்ற அமெரிக்க ஊரில் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள் எங்களுடையவை. அவருக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு சுவர்தான். அது 2003, நோன்பு மாதம்.

பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. நரைத்த தாடி, ஆறடிக்கு மேல் உயரம். டென்மார்க்கிலிருந்து வந்தவர் என்று உம்மா சொல்லியிருந்தாள். குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு போகும்போது எனக்குக் கையசைப்பார். ஒருநாள் சாயங்காலம் சுவருக்கு அப்பாலிருந்து அவர் குரல் கேட்டது. வாயைத் திறந்தால் இந்த அறையைவிட்டு உயிரோடு போகமாட்டாய் என்று ஆங்கிலத்தில் யாரையோ மிரட்டினார். கொஞ்ச நேரம் கழித்து அதையே மறுபடி, இன்னும் மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னதும் நான் ஓடிப்போய்ப் போனை எடுத்தேன்.

"வாப்பா, கால் நைன் ஒன் ஒன்!"

நோன்பு திறக்கச் சீக்கிரமே ஆபீஸிலிருந்து வந்திருந்த வாப்பா சுவரில் காதை வைத்துக் கேட்டார். முகம் வெளிறிப்போயிற்று. ஆனாலும் நான் எடுத்த போனைப் பிடுங்கி அலமாரியின் மேல் வைத்துவிட்டார்.

"போலீஸெல்லாம் வேணாம்மா. வந்தா முதல்ல நம்ம பேரைத்தான் கேப்பான்."

கேட்டால் சொல்ல வேண்டியதுதானே! அந்தக் கோடையில் ஊருக்குப் போய்த் திரும்பியபோது, ஏர்போர்ட்டில் வாப்பாவை மட்டும் தனி அறைக்கு அழைத்துப்போய் மூன்று மணி நேரம் வைத்திருந்தார்கள். பெரிய ஆள், உபசரிக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படிப்பட்டவர் இப்போது, ஓர் உயிர் போகப்போகிற நேரத்தில், போனை எட்டாத இடத்தில் வைத்துவிட்டு நிற்கிறார். எனக்குப் பயத்தோடு அவமானமும் சேர்ந்து அழுகை வந்துவிட்டது.

உம்மாதான் வழி சொன்னாள். "ஒரு உசுரு போவுதுன்னா சும்மா இருக்க முடியுமா? கஞ்சி குடுக்குற சாக்குல போய்ப் பாத்துட்டு வாங்க."

நோன்புக் கஞ்சியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பது வழக்கம். கொலைகாரரானாலும் பக்கத்து வீடுதானே. வாப்பா கிண்ணத்தை ஏந்திப் போனார். மூடியிருந்த தட்டு கடகடவென்று ஆடியது. வராதே என்ற பேச்சைக் கேட்காமல் நானும் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு போனேன்.

கதவு திறந்தது. அவர் கையில் இருந்தது ஒரு காகிதக் கட்டு. உள்ளே வேறு யாருமில்லை. வாப்பா தடுமாறி விஷயத்தைச் சொன்னதும் அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் நடிகராம். டென்மார்க்கில் சினிமாவில் சின்னச் சின்ன வேஷங்கள், பிறகு டிவியில் பதினோரு வருடம் மாட்டு டாக்டராம். தெருவில் கண்டால் கிழவிகள் கட்டிக்கொள்வார்களாம். இங்கே வந்தபின் அவர் பேச்சின் சாயலைக் கேட்டதுமே வில்லன் வேஷம்தான் கொடுக்கிறார்களாம்.

"போலீஸைக் கூப்பிட்டிருக்கலாமே?" என்றார் ஆங்கிலத்தில்.

பக்கத்து வீட்டுக்காரர்மேல் போலீஸை ஏவுகிற பழக்கம் எங்களுக்கு இல்லை என்றார் வாப்பா, வெகு கம்பீரமாக. நோன்பும் அதுவுமாகப் பொய் சொன்னால் எனக்குப் பொறுக்குமா?

"நோ! ஹீ வாஸ் ஸ்கேர்ட் ஆஃப் த போலீஸ்!"

சிரிப்பு நின்றுவிட்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை, வாப்பாவைப் பார்த்தார். பிறகு கிண்ணத்தை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

மறுநாளிலிருந்து வசனம் பழகுவதற்கு முன்னால் அவர் சுவரில் மூன்று முறை தட்டுவார். சத்தம் கேட்டதும் வாப்பா தோளைத் தளர்த்திக்கொண்டு சோபாவில் சாய்வார். நான் ஓடிப்போய்ப் பதிலுக்கு மூன்று தட்டுவேன். வீட்டைக் காலி செய்யும்வரை அவர் ஒருநாள்கூட மறக்கவில்லை. ஒரு சின்னப் பெண் பயந்துவிடக் கூடாதென்று இவ்வளவு பெரிய நடிகர் தட்டுகிறாரே என்று, பள்ளியில் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.