கொசுவலைக்குள் ஒரு எஞ்சின்

அரியலூரில் எங்கள் தெரு வழியாகத்தான் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும். வீட்டுக்குள் காயப்போட்ட வேட்டியில்கூட மாவு படியும். என் பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளைப் படுக்க வைத்ததும் அந்த மாவுதான். போன வருஷம் எஞ்சினை நானே பிரித்து, புது பிஸ்டன் போட்டு மாட்டி, ஆண்டிமடத்துக்கு முந்திரிக்கொட்டை வாங்கப் போனேன். முந்திரி தனிக் கதை. பச்சைக் கொட்டையின் பால் பட்டால் கை வெந்துவிடும், என் மனைவி மட்டும் சாம்பலைத் தொட்டுக்கொண்டு சிரித்தபடி உரிப்பாள். திரும்புகிற வழியில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. பிரித்தால், சிலிண்டருக்குள் பூனை பிறாண்டினது போலக் கோடு. மாட்டும்போதே தூசி போயிருக்கிறது.

பெரம்பலூர் லேத்துக்காரர் சிலிண்டரை மறுபடி கடைந்து கொடுத்தார்.

"பெருசு, இதான் கடைசி. இனிமே கடைய இதுல சதை இல்ல. இன்னொரு தடவ கோடு வுழுந்துச்சின்னா எடைக்குத்தான் போடணும்."

அதனால் வீட்டில் இருந்த ஒரே கொசுவலையை நடு அறையில் கட்டி, தரையை ஈரத்துணியால் துடைத்து, எஞ்சினோடு உள்ளே உட்கார்ந்தேன். வலை, லப்பைக்குடிக்காட்டு நண்பர் துபாயிலிருந்து கொண்டுவந்தது. அங்கே கொசுவலையை யார் விற்கிறார்களோ, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். பட்டப்பகலில், சட்டையில்லாமல், வலைக்குள் நான்.

"ஆத்தாடி! பெரிம்மா, பெரிப்பாவுக்கு அம்மை போட்டுருக்கா?"

என் மனைவி வாயைத் திறப்பதற்குள் ஓடிப்போய் வேப்பிலை ஒடித்துவந்து எங்கள் வாசலில் கட்டிவிட்டாள்.

"இரு, சொல்லாத," என்றேன் மனைவியிடம். "வேப்பிலையப் பாத்தா யாரும் உள்ள வரமாட்டாங்க. கதவு தொறக்கலன்னா தூசியும் வராது."

"சாமி விஷயத்துல வெளையாடாதீங்க."

"நாமளா சொன்னோம்? அவளா கட்டுனா."

ஒன்றை நான் யோசிக்கவில்லை. அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது. கடுகு பொரிந்தால் வாசனை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். கூழும் மோருமாகப் பொழுது ஓடியது. நான் பிஸ்டன் ரிங்குக்கு எண்ணெய் விடும்போது மனைவி வலைக்கு வெளியே உட்கார்ந்து பார்ப்பாள்.

"அதுக்காவது எண்ணெ ஊத்துறீங்க. என் நாக்குக்கு ஒரு சொட்டு உண்டா?"

ஒருவழியாக எஞ்சினை மூடி, வண்டியில் ஏற்றி, கொல்லையில் வைத்து உதைத்தேன். முதலில் தும்மியது. பிறகு புகையைக் கக்கிக்கொண்டு பிடித்துக்கொண்டது. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெண் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"பெரிப்பா! தலைக்குத் தண்ணி ஊத்தாம வண்டி எடுக்குறீங்களா?"

"அம்மை அவருக்கில்லடி, எஞ்சினுக்கு," என்றாள் மனைவி, பின்னால் ஏறிக்கொண்டே. என்னைப் பார்த்துச் சொன்னாள்: "பெரம்பலூர்ல பரோட்டா கடைக்கு வுடுங்க. வழியில நின்னுச்சின்னா பஸ்ல போயிட்டு பஸ்ல வந்துருவோம்."

போகும்போதும் நிற்கவில்லை, வரும்போதும் நிற்கவில்லை. இறங்கியதும் எஞ்சினில் காதை வைத்துக் கேட்டேன். உரசலே இல்லை.

பக்கத்து வீட்டுப் பெண்தான் வாசலில் முறைத்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க பொழச்சு எந்திரிக்கணும்னு மாரியாத்தாளுக்குக் கூழு ஊத்துறேன்னு வேண்டிக்கிட்டேன். இப்ப எஞ்சினுக்கா கூழு ஊத்துறது?"

"ஊத்திரு தாயி," என்றேன். கூழுக்கு வேண்டிய கேழ்வரகை நானே கடையில் ஒரு மூட்டை வாங்கி, அதே வண்டியில் வைத்துக் கொண்டுபோய்க் கோயிலில் இறக்கினேன்.